இரும்புப் பக்கெட்டில் கலக்கிய மருந்து

மேனேஜர் சட்டையில் அந்தக் கறை பட்டபோது நான் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு மூன்றடி தூரத்தில் நின்றிருந்தேன்.

மாசி மாதத்துக் காலை. எட்டு மணி ஷிப்டுக்கு ஆட்கள் உள்ளே போய் முடிந்த நேரம். புதிதாக வந்திருந்த பெரிய மேனேஜர் மதில் ஓரமாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே நடந்து வந்தார். இரும்பு வார்க்கிற எங்கள் பவுண்டரியில் கேட்டிலிருந்து லாரிகளை நிறுக்கிற எடைமேடை வரைக்கும் வரிசையாகப் பதினேழு தென்னை. ஏழாவது மரத்தடியில் போன் வந்தது. பேசிக்கொண்டே மரத்தின்மேல் கையை ஊன்றினார். எடுத்தபோது வெள்ளைச் சட்டையின் கை மடிப்பில் வெற்றிலைச் சாறு துப்பியது மாதிரி ஒரு கறை.

"என்ன இது? பெயின்ட் காயலையா?"

அவர் விரலை மூக்கருகே கொண்டுபோனார். புளித்த கள் மாதிரி ஒரு வாடை வரும் அதற்கு. எனக்குத் தெரியும். இரண்டு வருஷமாகத் தெரியும்.

"மரத்துல இருந்து வருது," என்று கூட வந்த என்ஜினியரிடம் சொன்னார். அடுத்த மரம், அதற்கடுத்த மரம் என்று பார்த்தார். "பாதி மரம் சீக்கு. லாரி நிறுத்த இடம் இல்லைன்னு தினமும் சொல்றீங்களே, மொத்தத்தையும் எடுத்துட்டு இங்கயே நிறுத்திக்கலாம்."

நான் வாயைத் திறக்கவில்லை. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்.

"சார், ஆயா சரி பண்ணிடும்னு சொல்லுது சார்!"

எஸ்தர். ஆபீஸ் கூட்டுகிறவள், என் சிநேகிதி. நான் அப்படி ஒன்றும் சொல்லவில்லை.

மேனேஜர் திரும்பி என்னைப் பார்த்தார். "உங்களால முடியுமா?"

நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

"ஆடி மாசம் வரைக்கும் டைம். அதுக்குள்ள ஒழுகுறது நிக்கணும். நிக்கலைன்னா எல்லா மரமும் போயிடும்."

அவர் போனதும் எஸ்தரைப் பிடித்துக்கொண்டேன். "இன்னாடி இது, என்னைக் கேக்காம!"

"நீ பேசுவேன்னு பாத்துக்கினு இருந்தா மரம் முளைச்சு, வளந்து, செத்தும் பூடும் யக்கா."

தோட்டத்து வேலை

சிப்பிங் ஷெட்டைப் பற்றிப் போன வாரம் இதே பக்கத்தில் நான் எழுதியதைப் படித்துவிட்டு, "பொம்பளைங்க இரும்பை உளியால் கொத்துவாங்களா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கொத்துவோம். அச்சிலிருந்து வந்த வார்ப்பில் ஒட்டியிருக்கும் மண்ணையும் பிசிறையும் உளியும் சுத்தியலும் வைத்து எடுக்கிற வேலை. கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் நடவு, களை என்று போய்க்கொண்டிருந்த எங்களை மாதிரிப் பெண்கள், நிலமெல்லாம் கம்பெனி ஆனபிறகு இந்த வேலைக்குத்தான் வந்தோம். பதினெட்டு வருஷம் கொத்தினேன். இடது காது பாதி போய்விட்டது.

காது போனதால்தான் தோட்ட வேலைக்கு மாற்றினார்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதைப் போல ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததே இல்லை. யாரோடும் பேச வேண்டியதில்லை. குழாயைப் பிடித்துக்கொண்டு பாத்தி பாத்தியாக நகர்ந்தால் பொழுது போய்விடும். பகலில் காண்ட்ராக்ட் பெண்கள் இருபது பேரும் அந்தத் தென்னை நிழலில்தான் டிபன் பாக்ஸைத் திறப்போம். உலைக்களத்து ஆட்கள் வெயில் காலத்தில் வெந்து வெளியே வந்து, அந்த மரத்து இளநீரைத்தான் குடிப்பார்கள்.

மரம் போனால் தோட்டம் என்று சொல்ல மிச்சம் இருப்பது ரெண்டு குரோட்டன்ஸ் பாத்தி. அதற்கு ஓர் ஆள் எதற்கு? மறுபடி சிப்பிங் ஷெட். இல்லையென்றால் வீடு. அறுபது வயதுக்கு மேல் அந்தச் சத்தத்துக்குள் திரும்பிப் போக எனக்குத் தெம்பு இல்லை. வீட்டில் உட்கார்ந்து மருமகள் கையைப் பார்க்கவும் மனசில்லை.

காவி

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

எங்கள் கம்பெனியில் யாராவது பெரிய ஆட்கள் பார்க்க வந்தால் மரத்துக்கெல்லாம் ஆள் உயரத்துக்குச் சுண்ணாம்பும் காவியும் பட்டை அடிக்க வேண்டும். அடிக்கிறவள் நான்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஏழாவது மரத்தில், கட்டை விரல் அகலத்துக்கு ஒரு வெடிப்பும், அதிலிருந்து செம்பழுப்பாக ஒரு ஒழுக்கும் பார்த்தேன். சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டுமென்றால் ஆபீஸுக்குள் போக வேண்டும். உள்ளே ஏசியில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

நான் காவியைக் குழைத்து அந்த இடத்தில் இன்னொரு பட்டை அடித்துவிட்டேன். இரண்டும் ஒரே நிறம். யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த தடவை இரண்டு மரம். அப்புறம் நாலு. ஒழுக்கு மேலே ஏற ஏற என் காவிப் பட்டையும் மேலே ஏறியது. "கன்னியம்மா, உன் பட்டை வருஷா வருஷம் ஒசரமா போவுதே," என்று சூப்பர்வைசர் ஒருநாள் பாராட்டினார். நான் காவி டப்பாவைத் தூக்கிக்கொண்டு அடுத்த மரத்துக்கு நகர்ந்தேன்.

டிபன் பாக்ஸில் மரப்பட்டை

மேனேஜர் கெடு வைத்த மறுநாள் லீவு போட்டேன். உளியால் கொஞ்சம் பட்டையைப் பெயர்த்து டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு வேளாண்மை ஆபீஸுக்குப் போனேன். எஸ்தரும் வருவதாக இருந்தது. அவளுக்கு மேரிமாதா கோயிலில் ஒரு கல்யாணம். "நீயே போயிட்டு வா யக்கா, உன்னை இன்னா முழுங்கவா போறாங்க," என்றாள்.

ஆபீஸ் வாசலில் வேப்பமரத்தடியில் முக்கால் மணி நேரம் நின்றேன். உள்ளே போகவில்லை. கடைசியில் அதிகாரியம்மாவே சாப்பிட வெளியே வந்தார். சின்ன வயசுதான், கண்ணாடி போட்டவர். நான் டிபன் பாக்ஸைத் திறந்து நீட்டினேன். சாப்பாடு தருகிறேன் என்று நினைத்து, "பரவாயில்லைம்மா, நான் கொண்டாந்திருக்கேன்," என்றார்.

அப்புறம் பார்த்தார். மோந்தார். உள்ளே கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தார்.

"சாறு வடியிற நோயும்மா இது. ஒரு பூஞ்சாணம். காயம் இருந்தாதான் உள்ள போகும். மரத்துல ஆணி கீணி அடிச்சிருக்கீங்களா?"

ஆணியா! ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை சீரியல் லைட்டு மாட்ட மரத்துக்கு நாலு ஆணி அடிப்பார்கள். டிபன் பை மாட்ட நாங்கள் ஆளுக்கு ஒரு ஆணி அடித்து வைத்திருந்தோம். என் பை தொங்குகிற ஆணி ஏழாவது மரத்தில்தான்.

"தண்ணி தேங்குதா?"

தேங்கும். எடைமேடையில் லாரி டயர் கழுவுகிற தண்ணீர் முழுக்க அங்கேதான் நிற்கும்.

அவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். நான் படிக்கிற மாதிரிப் பெரிய எழுத்தில். கெட்டுப்போன சதையை நல்ல சதை தெரிகிறவரைக்கும் செதுக்கி எடு. செதுக்கியதை எரி. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பசையைப் பூசு. இரண்டு நாள் கழித்து அதன்மேல் தார். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வேரில் மருந்து கட்டு. வேப்பம்பிண்ணாக்கு வை. தண்ணீரை வெளியே விடு. ஆணியைப் பிடுங்கு.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். அந்தத் தாளைப் பஸ்ஸில் ஒன்பது தடவை படித்தேன்.

தட்டினால் தெரியும்

வெளியே கையகலம்தான் ஒழுகும். உள்ளே எவ்வளவு தூரம் அழுகியிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அதிகாரியம்மா அதைச் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

சுத்தியலை எடுத்துக்கொண்டு ஏழாவது மரத்தின் முன்னால் நின்றேன். பழக்கத்தில் தட்டினேன்.

நல்ல வார்ப்பைத் தட்டினால் மணி மாதிரி கேட்கும். உள்ளே காற்றுப் பொத்தல் இருந்தால் பொத்தென்று ஊமையாகக் கேட்கும். பதினெட்டு வருஷம் அதைத்தான் கேட்டேன். மரம் மணி மாதிரிக் கேட்காது. ஆனால் நல்ல இடத்தில் டக்கென்று கையைத் திருப்பி அடிக்கிறது. கெட்ட இடத்தில் சுத்தியல் ஈரத் துணியில் விழுந்தது மாதிரி நின்றுவிடுகிறது. நல்ல காதை மரத்தோடு ஒட்டிக்கொண்டு ஒரு அங்குலம் ஒரு அங்குலமாகத் தட்டிப் போனேன். சத்தம் மாறுகிற இடத்தில் வெல்டர்கள் கோடு போடுகிற வெள்ளைக் கல்லால் கோடு போட்டேன்.

பதினேழில் எட்டு மரத்துக்குச் சீக்கு. ஏழாவது மரத்தில் கோடு என் தலைக்கு மேலே போனது.

செதுக்குகிற வேலை எனக்குப் புதிதா? இரும்பைக் கொத்தியவளுக்குத் தென்னை வெண்ணெய். பழுப்புச் சதை போய், மஞ்சளும் வெள்ளையுமாக நல்ல சதை வருகிறவரைக்கும் செதுக்கினேன். கோட்டுக்கு வந்ததும் நல்ல சதை வந்தது. எட்டில் ஏழு மரத்திலும் அப்படியே. ஏழாம் நம்பரில் மட்டும் இடுப்பு உயரத்தில் உளி உள்ளே போய்க்கொண்டே இருந்தது. போகிற மட்டும் போய் நிறுத்திக்கொண்டேன்.

உலைக்களத்துத் தலைவன் தனபால் வேடிக்கை பார்க்க வந்தான். செதுக்கல்களை எரிக்க வேண்டும் என்று சொன்னேன். "உங்க உலையிலேயே போட்டுடு நைனா."

"அய்ய, ஆயா! ஈரத்தை உருக்குன இரும்புல போட்டா வெடிச்சி நீயும் நானும் நேரா ஆரம்பாக்கம் கடல்லதான் போய் விழணும். காய வையி, ட்ரம்ல எரிக்கலாம்."

பக்கெட்

இனிமேல்தான் நான் செய்த பெரிய முட்டாள்தனம்.

மயில்துத்தம் வாங்கி வந்தேன். மயில் கழுத்து மாதிரி என்ன ஒரு நீலம்! கரைப்பதற்குப் பாத்திரம் வேண்டும். எங்கள் கம்பெனியில் பாத்திரத்துக்கா பஞ்சம்? மண் அள்ளுகிற பக்கெட், இரும்பு. தண்ணீர் பிடிக்கிற தொட்டி, இரும்பு. கலக்குகிற கம்பி, அதுவும் இரும்பு. நல்ல கனமான பக்கெட்டாகப் பார்த்துக் கழுவி, நீலத்தைக் கரைத்து, அப்படியே வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து சுண்ணாம்பைச் சேர்த்தேன். எட்டு மரத்துக்கும் பூசினேன். இரண்டு நாள் கழித்துத் தார் அடித்தேன்.

பக்கெட்டின் உள்பக்கம் பளபளவென்று செம்பாக மாறியிருந்தது. தனபால் கூட்டம் கூட்டிவிட்டான்.

"டேய், வாங்கடா! ஆயா இரும்பைச் செம்பு ஆக்கிடுச்சு! நாளைக்குத் தங்கம் பண்ணும், அப்பால நமக்கு எதுக்குடா இந்த உலைப் பேஜாரு!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன்.

பங்குனி கடைசியில் தாரைத் துளைத்துக்கொண்டு சாறு வந்தது. முதலில் ஒரு மரம். ஒரு வாரத்தில் எட்டும். அதே கள் வாடை. மேனேஜர் அந்தப் பக்கம் போகும்போது நின்று பார்த்தார். என்ஜினியர் டேப் வைத்து லாரிக்கு இடம் அளந்துகொண்டிருந்தார்.

"கை விட்டுடலாம்டி," என்று எஸ்தரிடம் சொன்னேன்.

"எதுவும் கேக்காம விட்டா எப்படி? அந்த அம்மாகிட்ட போய் இன்னான்னு கேளு."

"இன்னான்னு கேக்கறது? உங்க மருந்து சரியில்லைன்னா?"

"பக்கெட்டை எடுத்துக்கினு போ. நீ பேச வேணாம், அது பேசும்."

கனமான இரும்புப் பக்கெட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். இந்தத் தடவை வேப்பமரத்தடியில் நிற்கவில்லை. பக்கெட்டின் கனம் நிற்க விடவில்லை.

அதிகாரியம்மா உள்ளே எட்டிப் பார்த்தார். நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார்.

"இரும்புல கலக்குனீங்களா! அய்யோ அம்மா, அந்த நீலத்துல இருக்கிறது செம்பு. இரும்பைப் பாத்தா அப்படியே அதுமேல படிஞ்சிடும். மருந்து முழுக்க இந்தப் பக்கெட்லதான் இருக்கு. தப்பு என்னோடதுதான், எழுதாம விட்டுட்டேன். பிளாஸ்டிக்ல கலக்கணும், மண்பானையில கலக்கணும். இரும்புல மட்டும் கூடாது."

திரும்பி வந்து எஸ்தரிடம் சொன்னேன். அவள் பக்கெட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். "அப்போ மருந்தைப் பக்கெட்டு குடிச்சிருக்கு, மரம் பக்கெட்டு கழுவின தண்ணியைக் குடிச்சிருக்கு."

இதே கம்பெனியில் இரும்பைப் பற்றித் தெரியாத ஆளே கிடையாது. ஒருத்தருக்கும் தோன்றவில்லை பாருங்கள்.

இந்தத் தடவை காலி பெயின்ட் டப்பாக்கள், பிளாஸ்டிக். ஒன்றில் நீலம், ஒன்றில் சுண்ணாம்பு. கலக்க மூங்கில் குச்சி. அதிகாரியம்மா ஒரு சோதனையும் சொல்லிக் கொடுத்திருந்தார். கலந்தபிறகு புது பிளேடை அதில் முக்கி எடுக்க வேண்டும். பிளேடில் சிவப்பாகப் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு போதவில்லை. முதல் தடவை சிவந்தது. சேர்த்தேன். இரண்டாவது தடவை லேசாக. இன்னும் சேர்த்தேன். மூன்றாவது தடவை பிளேடு பிளேடாகவே வந்தது. பழைய தாரை எடுத்துவிட்டு மறுபடி செதுக்கி, மறுபடி பூசினேன். டயர் கழுவுகிற தண்ணீருக்கு எஸ்தரும் நானும் வாய்க்கால் வெட்டினோம். ஆணிகளைக் குறடால் பிடுங்கினோம். எண்ணவில்லை, ஒரு டால்டா டின் நிறைந்தது.

இளநீர் கிடையாது

வேரில் மருந்து கட்டுவது ஒரு தினுசான வேலை. மண்ணைத் தோண்டி, பென்சில் தடிமனில் உயிருள்ள வேராகப் பார்த்துச் சாய்வாக நறுக்கி, மருந்து ஊற்றிய பாலித்தீன் பைக்குள் அந்த நுனியை விட்டுக் கட்ட வேண்டும். குழந்தை பால் குடிக்கிற மாதிரி மரம் உறிஞ்சிக்கொள்ளும். மறுநாள் போய்ப் பார்த்தால் பை சப்பிப் போயிருக்கும். அதைப் பார்க்கிற சந்தோஷத்துக்கு என்ன கொடுத்தாலும் தகும்.

ஆனால் ஒன்று. மருந்து கட்டினால் நாற்பத்தைந்து நாளைக்கு அந்த மரத்துக் காயைத் தொடக் கூடாது.

சித்திரை. உலைக்களத்து ஆட்களுக்கு நாக்கு வறளுகிற மாதம். ஒரு மத்தியானம் நான் குரோட்டன்ஸுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் தனபால் மருந்து கட்டிய மரத்தில் பாதி ஏறிவிட்டான், இடுப்பில் கத்தி. கீழே எட்டுப் பேர் ஸ்ட்ரா வைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

எங்கிருந்து வந்ததோ அந்தக் குரல்.

"டேய் தனபாலு! எறங்குடா! அது விஷம்டா! எறங்கு!"

கம்ப்ரஸர் சத்தத்தையும் தாண்டிக் கேட்டிருக்கிறது. ஆபீஸ் ஜன்னல்கள் திறந்தன. எஸ்தர் துடைப்பத்தோடு ஓடி வந்தாள். தனபால் மரத்திலேயே ஒட்டிக்கொண்டு கீழே பார்த்தான்.

"ஆயா, நீயா கத்துன?"

"எறங்கி வா. கட்டாத மரம் ஒம்பது கீது. அதுல வெட்டிக்கோ. வெள்ளைக் கோடு போட்ட மரத்தைத் தொட்டே, காலை ஒடைப்பேன்."

அவன் இறங்கி வந்தான். "பத்து வருசமா ஊமைன்னு நெனச்சிக்கினு இருந்தேன் ஆயா," என்றான். நான் குரோட்டன்ஸ் பாத்தியில் போட்டுவிட்டு வந்த குழாயை எடுக்கப் போனேன்.

கோடு

வைகாசியில் தார் பூசிய இடம் காய்ந்து கிடந்தது. ஆனியில் இரண்டு மழை பெய்தது. தண்ணீர் வாய்க்காலில் ஓடியது. தினமும் காலையில் ஒவ்வொரு மரத்தையும் கையால் தடவிப் பார்ப்பேன். காய்ந்த கை. அடுத்த மரம், காய்ந்த கை. ஏழு மரத்தில் புது ஓலை வந்தது.

ஏழாம் நம்பர் மட்டும் மருந்துக்குக் கேட்கவில்லை. ஓலை சின்னதாகி, குரும்பையெல்லாம் கொட்டிவிட்டது. காவி அடித்து அடித்து நான் இரண்டு வருஷம் மறைத்த மரம்.

ஆடி பிறந்து பத்தாம் நாள் மேனேஜர் வந்தார். மரம் அறுக்கிற மெஷினோடு இரண்டு ஆட்களையும் கையோடு கூட்டி வந்திருந்தார். எல்லா மரத்தையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கைக்குட்டையால் அழுத்திப் பார்த்தார். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. ஏழாவது மரத்துக்கு வந்தார்.

"இது?"

"அதை வெட்டிடுங்க சார்," என்றேன்.

என்ஜினியர் என்னைப் பார்த்தார். மரத்தைக் காப்பாற்றுகிறேன் என்றவள் வெட்டச் சொல்கிறாளே என்று நினைத்திருப்பார்.

"இத்தை விட்டா மத்ததுக்கும் ஒட்டும் சார். ரெண்டு வருசமா ஒழுகுச்சு. நான்தான் காவி அடிச்சு மறைச்சேன். ஆபீஸுக்குள்ள வந்து சொல்ல பயமா இருந்துச்சு."

சொல்லிவிட்டேன். சூப்பர்வைசர் தலையைக் குனிந்துகொண்டார். மேனேஜர் மற்ற சீக்கு மரங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"மத்த ஏழும் உள்ள சரியாயிடுச்சுன்னு எப்படித் தெரியும்? வெளிய காஞ்சிருக்கு, உள்ள அழுகியிருந்தா?"

"தட்டினா தெரியும் சார்."

சுத்தியலை எடுத்து ஏழாவது மரத்தைக் கீழிருந்து தட்டிக்கொண்டு போனேன். ஐந்து மாதத்தில் கோடு இன்னும் ஒரு முழம் ஏறியிருந்தது. ஸ்டூல் போட்டு ஏறி வெள்ளைக் கல்லால் சுற்றி வளைத்துக் கோடு போட்டேன். "இதுக்குக் கீழ அழுகல். மேல நல்ல மரம். வெட்டிப் பாருங்க."

மரம் அறுக்கிறவர் கயிறு கட்டி மரத்தைச் சாய்த்தார். எங்கள் பெண்கள் இருபது பேரும் வந்து நின்றுவிட்டார்கள். உலைக்களத்து ஆட்களும். கீழே கிடந்த மரத்தைக் கோட்டுக்கு ஒரு சாண் கீழே அறுத்தார். உள்ளே கறுப்பு, ஈரத் தேயிலைத் தூள் மாதிரி நார் நாராக உதிர்ந்தது. கோட்டுக்கு ஒரு சாண் மேலே அறுத்தார்.

மஞ்சள் கலந்த வெள்ளை. ஒரு பொட்டுக் கறை இல்லை.

"அக்காங், ஆயா சொன்னது கரீக்டு!" என்று கத்தினான் தனபால். எஸ்தர் அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை.

மேனேஜர் குந்தி உட்கார்ந்து அந்த வெள்ளையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். எழுந்து மீதி ஏழு சீக்கு மரத்தையும் என்னைத் தட்டச் சொன்னார். அவரும் காதை வைத்துக் கேட்டார். டக். டக். டக். என்ஜினியரைக் கூப்பிட்டார்.

"லாரிக்கு வேற இடம் பாருங்க. பதினாறு மரமும் இருக்கட்டும்."

மெஷினைத் தூக்கிக்கொண்டு அந்த ஆட்கள் வண்டியில் ஏறினார்கள். அதிகாரியம்மா எழுதிக் கொடுத்த தாளை என்னிடம் வாங்கிப் பார்த்துவிட்டு, மேனேஜர் போகிறபோது ஒன்று கேட்டார்.

"மூணு மாசத்துக்கு ஒரு தடவை வேர்ல மருந்து கட்டணும், தண்ணி பாக்கணும், பூஜைக்கு ஆணி அடிக்க வர்றவங்களைத் தடுக்கணும். இதையெல்லாம் யாரு பொறுப்பா பாத்துக்கறது?"

எஸ்தர் வாயைத் திறந்தாள். நான் அவள் கையைப் பிடித்து அழுத்தினேன்.

"நான் பாத்துக்கறேன் சார்," என்றேன்.

எடைமேடையில் நின்ற லாரி டிரைவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.